தலைவர் காலண்டரின் பின்பக்கம்

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் சிவகாசியில் எந்த பிரஸ்ஸில் கலர் சரியாக வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின் துடைக்க வந்தவன், சொந்தமாக ஆப்செட் மெஷின் போட்டேன். என் பிரஸ்ஸிலிருந்து கழிவுத் தாள் ஒன்றுகூட அச்சடிக்கக் கொடுத்த பார்ட்டி கைக்குப் போனதில்லை. ஒரே ஒரு தடவை போனது. மெஷினில் நிற்கிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

காரியாபட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிநேகிதர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சினிமா எடுத்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், ஊர் அவர்களைத் துரத்துகிறது. அதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் படம் காட்ட வேண்டும். போஸ்டர் அடிக்க ஒரு பிரஸ்ஸும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்களும் பயந்துருவீகன்னு சொன்னாங்க அண்ணாச்சி."

"எவன் சொன்னான்? பென்டிரைவக் குடு."

என்னுடையது ஒற்றைக் கலர் மெஷின், ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் ஓடும். மஞ்சள் ஓடியபோது தாளில் வெயில் மட்டும் இருந்தது. சிவப்பு ஓடியதும் உதடு, கன்னம், ஒரு கையின் மேல் இன்னொரு கை. நீலத்தில் கூந்தல் வந்தது. கருப்பு விழுந்ததும் இரண்டு பேரும் கண் திறந்து என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷம் சாமி படம் அடித்தவன் நான், அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை. மெஷின் சத்தமே கேட்கவில்லை. கிணற்றுக்குள் முங்கி நிற்கிற மாதிரி நின்றேன்.

டீக்கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஊர்த் தலைவர் ஆளுகளோட அங்கனதான் வாராரு."

தலைவர் ஊருக்குக் கொடுக்க அடிக்கச் சொன்ன ஒற்றைத் தாள் காலண்டர், மேல் விளிம்பில் தகரம் அடிப்பதற்காக அடுக்கிக் கிடந்தது. ஈரம் காயாத ஐம்பது போஸ்டர்களையும் நானும் அந்தப் பெண்ணும் அதற்குள் செருகினோம், ஒரு காலண்டர், ஒரு போஸ்டராக. மேலே பலகை போட்டேன்.

தலைவர் வந்து நேரே அந்தப் பலகையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கேவலமான படத்துக்கு நீங்கதான் அடிக்கீகளாமே?"

"தேடிப் பாருங்க. உங்க காலண்டர்தான் கிடக்கு."

"இந்தப் பிள்ள யாரு?"

"தகரம் அடிக்க வந்திருக்கு."

அவளும் சளைக்காமல், "கயிறு மாட்டவா அண்ணாச்சி?" என்றாள்.

தலைவர் நல்ல கனம். டீ குடித்து, ஊர் மானத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தார்.

போஸ்டர்களைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். பிறகுதான் காலண்டர்களைத் திருப்பிப் பார்த்தேன். செட் ஆஃப், ஈர மை மேல் தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. ஐம்பதின் முதுகிலும் அந்தப் பெண்கள், இடம் வலமாக மாறி, பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் மங்கலாக. கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. சுவர்ப் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கட்டி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. பதினெட்டுப் பேர் பார்த்தோம்.

தை மாதம், நாரணாபுரத்திலிருந்து பயர் ஆபீஸில் பட்டாசு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சுருட்டிய தலைவர் காலண்டரோடு வந்து நின்றாள்.

"பின்னால இருக்காகளே, இவுக யாரு அண்ணாச்சி?"

"மை ஒட்டிருச்சும்மா. வேற தாரேன்."

அவள் காலண்டரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். வீட்ல நாங்களும் இவுக மாதிரி ரெண்டு பேரு. திருப்பித்தான் மாட்டிருக்கோம்." கொஞ்சம் சிரித்தாள். "தேதி பாக்கத்தான் அம்புட்டுக் கஷ்டம்."

காரியாபட்டிப் பெண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, வந்தவள் கையில் கொடுத்தேன்.

பிள்ளைகளே, ஈர மையின் மேல் பாரம் ஏற்றினால் மை செத்துப்போகாது, அடுத்த தாளில் ஏறிக்கொள்ளும். தொழிலில் மற்றதெல்லாம் நானாகவே தெரிந்துகொண்டது. இதைக் கற்றுக்கொடுக்க மட்டும் ஒரு தலைவர் வந்து உட்கார வேண்டியிருந்தது.