எங்கள் முகத்து மஞ்சளும் நீச்சல் குளமும்

அந்த நோட்டீஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். "முதிய பெண்மணிகள் மஞ்சள் பூசிக்கொண்டு இறங்குவதால் நீச்சல் குளத்துத் தண்ணீர் மஞ்சள் நிறமாகிவிட்டது. எனவே காலை நேர நீர்ப் பயிற்சி வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகிறது." கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்து. பால் பாக்கெட் எடுக்க வந்த நான், பாக்கெட்டிலிருந்து தண்ணீர் புடவையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் அதை மூன்று முறை படித்தேன். முதிய பெண்மணிகள் யார் என்று எங்கள் குடியிருப்பில் யாரும் கேட்கவேண்டிய அவசியமில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர்.

மாடம்பாக்கத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. வீடு விற்கும்போது காட்டிய படத்தில் நீச்சல் குளம் நீலமாக இருந்தது. குடிவந்த பிறகு அதில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் குதிப்பார்கள், சாயங்காலம் நாலைந்து ஆண்கள் நீந்துவார்கள். மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடந்தது. எங்களைப் போன்றவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான்.

என் முட்டி தேய்ந்து போனது ஊருக்கே தெரியும். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் பாடம் எடுத்தேன், முப்பது வருடமும் நின்றுகொண்டே எடுத்தேன். ஓய்வு பெற்றபோது பொன்னாடை பள்ளி கொடுத்தது, முட்டி வலி கரும்பலகை கொடுத்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தொடைத் தசை வலுவானால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், தண்ணீரில் நடந்து பாருங்கள் என்றார். எங்கள் குடியிருப்பிலேயே இருந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலை ஆறரை மணிக்குச் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தாள். அப்படித்தான் வகுப்பு ஆரம்பித்தது.

முதல் நாள் நாங்கள் போட்டுக்கொண்டு வந்த உடைகளைப் பார்த்து அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரியும். மகன் விட்டுப்போன டிராக் பேண்ட், மருமகளின் முழுக்கை டி-ஷர்ட், துப்பட்டா இல்லாமல் கூச்சத்தோடு சுடிதார். ஒருவர் நைட்டியோடு இறங்கினார். நைட்டி காற்றை வாங்கிக்கொண்டு அப்பளம் மாதிரி உப்பி மேலே வந்துவிட்டது. அன்றோடு நைட்டி நின்றது. பிடித்துக்கொள்ள அவள் கொடுத்த நீளமான நுரைக் குச்சிகளுக்கு நாங்கள் முருங்கைக்காய் என்று பெயர் வைத்தோம்.

மார்பளவுத் தண்ணீரில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தேன். வலிக்கவில்லை. திரும்பி நடந்தேன். அப்போதும் வலிக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வலியில்லாமல் நடந்த சந்தோஷத்தில் எனக்கு யாரையாவது பிடித்துத் திட்டவேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் இந்தக் குளம் இங்கேதானே இருந்தது, ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று.

ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும் பயிற்சிக்கு இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஒருவர் காலைத் தூக்கும்போது மற்றவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். என் ஜோடி இரண்டாம் மாடியில் இருப்பவர். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கு இருந்த ஒரே ஆசை, பிரதோஷத்தன்று எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைக் கால் நோகாமல் ஒரு சுற்று சுற்றிவரவேண்டும் என்பது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மஞ்சள் பூசாமல் வாசலைத் தாண்டாத முகம். மூன்றாவது மாதம் ஊன்றுகோலை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அந்த மாதப் பிரதோஷத்துக்கு ஒரு சுற்று சுற்றியும் விட்டார். எனக்குப் போன் பண்ணி, "டீச்சர், நான் சுத்திட்டேன்" என்று கத்தினார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

பிறகு கோடை வந்தது. எங்கள் போர்வெல் கைவிட்டது, வழக்கம்போல லாரித் தண்ணீர். குளத்துக்கும் லாரித் தண்ணீர்தான். ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் குளம் லேசான மஞ்சளாக இருந்தது. அடுத்த வாரம் நல்ல மஞ்சள். செயலாளர் கரையில் வந்து நின்றார். பெரிய கம்பெனி ஒன்றில் அதிகாரியாக இருந்தவர், எதையும் ஒருமுறை பார்த்தாலே முடிவு சொல்லிவிடுவார்.

"தண்ணியப் பாருங்க மேடம். எல்லாம் உங்க க்ரூப் மஞ்சள்தான். கொஞ்சம் சொல்லி வைங்க," என்றார்.

இப்போது என் மீதே எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வந்திருக்கிறேன். நான் அதை நம்பினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவள், காரம் பட்டதும் சிவக்கும் மஞ்சள் தாள் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டக்கூடியவள், தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது, இவர்கள் மஞ்சள் பூசுகிறார்கள், அப்படியானால் இவர்கள் மஞ்சள்தான் என்று கணக்குப் போட்டுவிட்டேன். நம்பியதோடு விட்டேனா? குளத்துப் படியில் வாத்தியாரம்மாவாக நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் ஜோடியைத் திருப்பி அனுப்பினேன். "சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க," என்றேன்.

அவர் திரும்பிப் போனார். ஷவருக்கடியில் நின்று தேய்த்தார், துண்டால் துடைத்தார். துண்டில் மஞ்சள் ஒட்டியிருந்ததை என்னிடம் விரித்துக் காட்டி, "போயிடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். முகம் வெளுத்து, என் முகத்தைப் போல இருந்தது. நான் மஞ்சள் பூசுவதை விட்டு ஏழு வருடம் ஆகிறது. என் கணவர் போனபோது சொந்தக்காரர்கள் என் முகத்து மஞ்சளைக் கழுவவைத்தார்கள், ஏழு வருடமும் எனக்குக் கோபமூட்டும் விஷயம் அது. அதையே நான் அவருக்குச் செய்தேன், அவருடைய கணவர் நன்றாக இருக்கும்போதே. ஆனாலும் அன்றைக்கு, "போயிடுச்சு, வாங்க" என்று மட்டும்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் இப்படித் தேய்த்துக் கழுவினோம். தண்ணீர் வெளுக்கவில்லை. அப்புறம்தான் அந்த நோட்டீஸ்.

வகுப்பு நின்று மூன்று வாரத்தில் என் முட்டி பழைய குணத்துக்குத் திரும்பியது. ஆட்டோவில் ஏறக் காலைக் கையால் தூக்கி வைக்கவேண்டியிருந்தது. இரண்டாம் மாடிக்காரர் மறுபடி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். பிரதோஷத்துக்குப் போனவர் கோயில் நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்க முடியாமல் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் குளத்துப் பக்கம் போனேன். குளத்தைப் பராமரிக்கிறவர், ஊரப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர், நீளக் கம்பு வலையால் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், நீங்கல்லாம் எறங்கி மூணு வாரம் ஆவுது. இன்னும் மஞ்சளாத்தான் கீது, பாருங்க," என்றார்.

பார்த்தேன். ஒரு முகமும் இறங்காத குளம் மஞ்சளாக இருந்தது.

"லாரிக்காரன் ரொப்பிக்கினு போறப்ப கண்ணாடியாட்டம் கீது மேடம். நான் பவுடர் கொட்னா ஒடனே மாறிடுது."

"செயலாளர் கிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டு வாட்டி சொன்னேன். உன் வேலையப் பாருன்னாரு."

அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பு! லாரியில் வருவதும் நிலத்தடி நீர்தான். அதில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது, பிளீச்சிங் பவுடர் பட்டதும் துருவாக மாறி மஞ்சள் காட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். அதுமட்டுமா, பிளீச்சிங் பவுடரின் வேலையே நிறத்தை எடுப்பது. அது எங்கள் மஞ்சளை மட்டும் விட்டு வைக்குமா? இது எனக்கு அந்தப் படியில் நின்றபோது ஏன் தோன்றவில்லை? பள்ளிக்கூடமே பார்த்தாரோ இல்லையோ, வலை பிடித்த அந்த மனிதர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நானும் செயலாளரும் மனசில் இருந்ததைச் சொன்னோம். எங்கள் இரண்டு பேருக்கும் கிழவிகள் மேல் பழியைப் போடுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு இரண்டு கண்ணாடி ஜாடிகளோடு போனேன். முதல் ஜாடியில் லாரித் தண்ணீர், பளிச்சென்று இருந்தது. எல்லோரும் பார்க்க ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கினேன். மஞ்சளானது. இரண்டாவது ஜாடியில் குடிக்கிற கேன் தண்ணீர், அதில் மஞ்சள் தூள். அதிலும் பவுடர் போட்டேன். கொஞ்சம் சிவந்தது, அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் இறங்கி வெளுத்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"மேடம், இது ஸ்கூல் லேப் இல்ல," என்றார் செயலாளர்.

"இல்லதான் சார். ஸ்கூல் லேபா இருந்தா நீங்களும் நானும் ஃபெயில்," என்றேன்.

நோட்டீஸ் அன்று மாலையே காணாமல் போனது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்தில் புது நோட்டீஸ் வந்தது. வகுப்பு நடக்கலாம், ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் படிவம் தரவேண்டும். படிவத்தில், "பொறுப்பாளர் (கணவர் அல்லது மகன்) கையொப்பம்", அதற்குக் கீழே "உறவு முறை". செயலாளருக்கு என் வயதுதான், தினமும் சாயங்காலம் நீந்துகிறார். அவருக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். "சேஃப்டிக்குத்தான் மேடம்," என்றார். எத்தனை ஆயிரம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை இது. எனக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். கணவர் இல்லை, மகன் பெங்களூரில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று இரண்டாம் மாடிக்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றுப் படிவம்.

"அவர் போடமாட்டேங்கறார் டீச்சர். மஞ்சள் மஞ்சள்னு ஊரே சிரிச்சது போதும்ங்கறார். பையன் அமெரிக்காவுல இருக்கான். அவன் கையெழுத்த நீங்களே போட்டுடுங்களேன்."

அப்பா கையெழுத்தைத் தானே போட்டு வந்த பிள்ளைகளை நான் முப்பது வருடம் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். "அந்தத் திருட்டுத்தனம் நமக்கு எதுக்கு?" என்றேன். பேனாவை எடுத்து, அடைப்புக்குறிக்குள் இருந்த கணவரையும் மகனையும் அடித்தேன். மேலே என் கையெழுத்தைப் போட்டேன். என் படிவத்தை அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஃபைலில் போடுகிற மாதிரி தேதியோடு கையெழுத்திட்டார்.

"உறவு முறைன்னு கேட்டிருக்கே, என்ன எழுதறது?" என்றார்.

நான் கொஞ்சம் யோசித்து எழுதினேன்: தண்ணீரில் கையைப் பிடித்துக்கொள்பவர். அவரும் அதையே எழுதினார். பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தத் துண்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க டீச்சர்," என்றார். ஆனால் நான் கேட்டு முடித்த பிறகுதான் அதைச் சொன்னார், கேட்டுக்கொள்ளவேண்டிய விஷயம்தான் என்பது போல.

இரவே மற்ற ஜோடிகளுக்கும் போன் பண்ணிச் சொன்னோம். மறுநாள் பன்னிரண்டு படிவத்திலும் இப்படித்தான் இருந்தது. செயலாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். உறவு முறை இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதெல்லாம் செல்லாது மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் மாடிக்காரர் முன்னால் வந்தார். அந்த மனிதரிடம் அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"மூணு வாரத்துல எங்க காலுக்கு ஆச்சே சார், அதுக்கு யார் பதில் சொன்னீங்க?"

செயலாளர் படிவங்களை அடுக்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டாம் மாடிக்காரர் குளத்துக்கு வந்தார். முகத்தில், கழுத்தில், காதோரத்தில் எல்லாம் மஞ்சள். ஒரு நாளும் அவ்வளவு பூசி நான் பார்த்ததில்லை. ஊன்றுகோலைக் கரையில் சாய்த்துவிட்டுப் படியில் நின்று என்னைப் பார்த்தார். நான் தண்ணீரிலிருந்து கையை நீட்டினேன்.