எண்ணூர் தாண்டித் தீவு தீவாக: வேம்புலி மாமனைத் தேடிப் போன கதை

நான் அப்பவே சொன்னேன். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுவது ஒருநாள் உலகம் பூரா பெரிய மோஸ்தராகும் என்று ராயபுரம் கரையில் நின்று சொன்னேன். சிரித்தார்கள். இப்போது என் பேரன் கரீபியன் தீவுகளிலிருந்து (அந்தமானுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது) படம் படமாக அனுப்புகிறான். ஒரு தீவில் சாப்பாடு, அடுத்த தீவில் குளியல். இதையெல்லாம் உன் தாத்தன் ஐம்பதுகளிலேயே முடித்துவிட்டான் என்று பதில் போட்டேன். நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. பழவேற்காடு பக்கம் கிளம்புகிறவர்களுக்கும் உதவும்.

அது ஒரு தை மாதம். என் தோஸ்து தேசப்பனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்தக்கால் நட்டாகிவிட்டது. ஆனால் பெண்ணின் அம்மா ஒரே பிடியாக நின்றார். "என் தம்பி வந்து பொண்ணுக்கு மால எடுத்து குடுக்கணும். தாய்மாமன் வர்லேன்னா கல்யாணமும் கெடயாது, ஒண்ணும் கெடயாது."

தம்பி பெயர் வேம்புலி. அப்பா விட்டுப்போன கட்டுமரத்தை அக்கா தன்னைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்று கோபித்துக்கொண்டு மூன்று வருடம் முன்னால் ராயபுரத்தை விட்டே போனவர். எண்ணூருக்கு வடக்கே ஏதோ ஒரு தீவில் இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளையே நேரில் போய் அழைத்தால்தான் மரியாதை. தேசப்பனுக்குத் தனியாகப் போக பயம். உலக அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான்.

பை, யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்துப் பை. ஒரு வெள்ளைக்கார ஜெனரல் சுமந்தது. உள்ளே அவல், வெல்லம், தண்ணீர், ஒரு வீச்சுவலை. வலை இல்லாமல் நாங்கள் வெளியூர் போவதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ரயில், ஆளுக்கு மூன்று அணா. திருவொற்றியூர் வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டாதீர்கள், கரித்தூள் கண்ணில் விழும். அந்தக் காலத்து ரயிலைச் சொல்கிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் படகுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மாமு, முதுகுல மூட்ட? பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிகினு வந்துட்டீங்களா?"

"இன்னும் கட்டவே இல்ல நைனா. அதுக்குத்தான் மாமன தேடிகினு போறோம். பேரு வேம்புலி."

"அவனா? காட்டுப்பள்ளியில கொஞ்ச நாளு கெடந்தான். அப்பால ஏரிக்குள்ள ஒரு திட்டுல பொண்ணு கட்டிகினு அங்கியே தங்கிட்டான். கோவக்காரன். பாத்து பேசு."

காட்டுப்பள்ளியில் அன்றைக்குத் துறைமுகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மணலும் சவுக்கும்தான். தீவு என்று சொன்னால் தீவு. அங்கிருந்து கால்வாயில் ஒரு விறகுப் படகு, பட்டணத்தில் விறகை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கூலி கேட்கவில்லை, கரையில் நடந்து கயிறு இழுக்கச் சொன்னார்கள். பழவேற்காட்டுக்குப் பதினைந்து மைல். ஊரில் நாற்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இழுத்தவனுக்குத்தான் தெரியும், நாற்பதுதான்.

பழவேற்காட்டில் ராத்திரி தங்கி, காலையில் ஒரு பாய் கடையில் டீ குடித்து, வேம்புலி இருக்கிற திட்டு எது என்று கேட்டுக்கொண்டு, அவருடைய மச்சான் படகில் ஏரிக்குள் போனோம். பூநாரைகள் நின்றன, குறைந்தது பத்து லட்சம். திட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டார். தொடையளவு தண்ணீர். பசி. தேசப்பன் பையிலிருந்து வலையை எடுத்து ஒரு வீச்சு வீசினான். இறால், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

வலையை உதறுவதற்குள் இரண்டு படகு எங்களைச் சுற்றிக்கொண்டது.

"யார்ரா நீங்க? யாரு பாட்டுல வலய போட்டீங்க?"

"தண்ணியில வலை போட யார கேக்கணும்?" என்றான் தேசப்பன். அவன் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் கடல்காரர்கள். கடலில் எவன் முதலில் போகிறானோ அவன் வலை போடுவான். ஏரியில் அப்படி இல்லை. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அடுத்தவன் பாட்டில் அசலூர்க்காரன் வலை போட்டால் வலையை அறுப்பார்கள், ஆளைத் திட்டுப் பக்கமே விடமாட்டார்கள். பாடு உள்ளவனுக்குச் சொந்தக்காரன் போட்டால் குற்றமில்லை, மீன் பாடு உள்ளவனுக்கே சேரும்.

எங்களைத் திட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கரையில் ஊர்ப் பெரியவர் கேட்டார். "இன்னிக்கி பாடு யாருது?"

தோளில் வலையோடு ஒல்லியான ஒருவர் முன்னால் வந்தார். "என்துதான்."

"வேம்புலி, இந்தப் பசங்க உனக்கு சொந்தமா, அசலா? ஒரு வார்த்த சொல்லு."

தேடி வந்த மாமன் பாட்டிலேயே கை வைத்திருக்கிறோம். அவரே அந்த ஊருக்குப் புதுசு, மாமனார் தயவில் சீட்டில் பேர் சேர்ந்தவர். எங்களைச் சொந்தம் என்று சொன்னால் அவர் பெயரும் கெடும். அசல் என்றால் வலை போச்சு, கல்யாணமும் போச்சு.

தேசப்பன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். மூக்கு ஒழுக அழுதான். "மாமா, வெள்ளிக்கெழம கல்யாணம் மாமா. ஒங்க அக்கா பொண்ணுதான். நீங்க வர்லேன்னா அது எனுக்கு இல்ல."

"கட்டுமரத்த விக்கறப்போ தம்பி நெனப்பு வர்லியா ஒன் மாமியாளுக்கு?"

அப்போது நான் ஹைகோர்ட்டு வக்கீல் மாதிரி ஒரு அடி முன்னால் வைத்துச் சொன்னேன்: "மரம் போனா வேற மரம் கட்டிக்கலாம் மாமா. அக்காவுக்குப் பொண்ணு ஒண்ணுதான்."

வேம்புலி எங்கள் வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அழுகிறவனைப் பார்த்தார்.

"நாலு எறாவுக்கு இவ்ளோ பேஜாரு. எங்க வூட்டு மாப்ளதான் பெரிவரே. வீசத் தெரில, நான் கத்துக் குடுக்கறேன்."

ஊர் முன்னால் மாப்பிள்ளை என்று சொன்னவர் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. சொல்லும்போதே அது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தவர் அவர்தான். அக்காவும் தம்பியும் பேசவில்லை. அவர் மாலையை நீட்டினார், அந்தம்மா அழுதார், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: கால்வாயில் இப்போது படகு கிடையாது, பழவேற்காட்டுக்கு பஸ்ஸில் போங்கள். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்துவிட்டதால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஏரியில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், சிப்பி கிழிக்கும். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். யாரையும் கேட்காமல் வலை போடாதீர்கள்.

இதை எழுதி எங்கள் வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "தேசப்பண்ணன் கடசி வரிக்கும் கல்யாணமே கட்டிக்கலியே. எங்க மாமா யாருக்கு மால எடுத்து குடுத்தாராம்?" என்றாள்.

ஆகவே ஒரு திருத்தம். மேலே தேசப்பன் என்று வருகிற இடத்திலெல்லாம் என்னையும், நான் என்று வருகிற இடத்தில் தேசப்பனையும் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வக்கீல் மாதிரி பேசியது அவன். சேற்றில் உட்கார்ந்து அழுதது நான்.