ஒரே கேஸு, ரெண்டு பக்கமும் எங்க வக்கீலு

எங்க தொழில்ல நாம எந்தப் பக்கம்னு மொதல்ல நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கு சப் கோர்ட்ல அது தான் தெரியாமப் போச்சு.

ரெண்டு பேரும் எந்திரிச்சாங்க

டவாலி கேஸக் கூப்பிட்டாரு. எங்க பெரிய வக்கீல் வேலாயுதம் பிள்ளை எந்திரிச்சு, தலப்பாவ ஒரு அழுத்து அழுத்திக்கிட்டு, "வாதிக்கு நான் ஆஜராகுறேன்"னாரு. நான் பின்னாடி சட்டப் புஸ்தகங்களத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். அதே நேரம் எதிர்ப் பெஞ்சுல இருந்து, "பிரதிவாதிக்கு நான்"னு ஒரு கொரலு. எனக்கு நல்லாப் பழகுன கொரலு. எங்க சின்ன வக்கீல் ஹமீது, பெரியவரோட பார்ட்னர். ரெண்டு பேருக்கும் ஒரே மாடி, ஒரே போர்டு, ஒரே டைப் மிஷினு. அந்த மிஷின அடிக்கிறவன் நானு.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. யாரும் உக்காரல. யாரு உக்காந்தாலும் ஒரு கட்சிக்காரன நட்டாத்துல விட்ட மாதிரி. எங்கையில இருந்த புஸ்தகத்த எந்த மேசையில வைக்கிறதுன்னு எனக்கே தெரியல, நடுவுல நின்னுட்டேன். பின் பெஞ்சு வக்கீலுங்க எல்லாம் இருமுற மாதிரி சிரிக்கிறாங்க. ஜட்ஜு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அதுவரைக்கும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தவரு, எல்லாருக்கும் புரியட்டும்னு தமிழ்ல சொன்னாரு: "பிள்ளைவாள், கேஸ உங்க மாடியிலயே நடத்தி முடிச்சிடுங்கோ, தீர்ப்ப மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கோ."

போர்டு

இது எப்பிடி நடந்துச்சுன்னு சொல்லணும்னா, ஆபீஸ் வளந்த வேகத்தச் சொல்லணும். (இருங்க, பெரியவர் மணி அடிக்கிறாரு. ... வந்துட்டேன். தண்ணி கேட்டாரு.)

மேலமாசி வீதியில வெங்கலப் பாத்திரக் கடைக்கு மேல, ஒத்த ரூம்ல பெரியவர் தனியாத்தான் ஆரம்பிச்சாரு. கீழ குடத்தத் தட்டுற சத்தத்துல கட்சிக்காரன் கத்தித்தான் கதை சொல்லணும். அவர்கிட்ட ஜூனியரா வந்த ஹமீதுக்கு உக்காந்த எடத்துல உக்கார முடியாது. சந்தைக்குச் சந்தை பஸ் ஏறிருவாரு. எழுமலை, பேரையூர்னு போயி, அங்கங்க ஒரு கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து கேஸு புடிச்சிட்டு வருவாரு. பக்கத்து ரூமையும் எடுத்தாங்க. ரெண்டு ரூமுக்கும் நடுவுல, படி ஏறி வார எடத்துல, என்னையும் மிஷினையும் போட்டாங்க. அப்புறம் அடுத்த தெருவுல இருந்த வயசான வக்கீல் ஒருத்தர் பம்பாயில இருக்குற மகன்கிட்டப் போறேன்னு, தன்னோட கேஸுக்கட்டு பூராத்தையும் பெரியவர்கிட்ட ஒப்படைச்சிட்டாரு. ஒரே நாள்ல ஆபீஸ் ரெட்டிப்பாச்சு. எனக்குக் காலு தரையில பாவல. மதுரையில இனி நம்ம தான்னு டீக்கடையில எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

புது போர்டு எழுதச் சொன்னோம். ரெண்டு வக்கீல் பேரையும் எழுதிட்டு, பெயிண்டர் கீழ பாதிப் பலகைய வெறுமனே விட்டிருந்தாரு. ஏன்ணேன்னு கேட்டேன். அவரு பிரஷ்ஷத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "வக்கீலுக போர்டுன்னா எடம் விட்டுத்தான் எழுதுறது தம்பி. ஒண்ணு யாராச்சும் வருவாக, இல்லாட்டி யாராச்சும் போவாக."

துண்டு போட்டு மூடுறது

ஆபீஸ் தான் ஒண்ணாச்சே தவிர, குமாஸ்தாக்க ஒண்ணாகல. பெரியவர் ரூமுக்கு சுப்பையா அண்ணே, சின்னவர் ரூமுக்கு தங்கராசு அண்ணே. ஒருத்தர் கட்சிக்காரன இன்னொருத்தர் தட்டிட்டுப் போயிருவாருன்னு ரெண்டு பேருக்கும் பயம். இவரு வந்தா அவரு கேஸுக்கட்ட துண்டப் போட்டு மூடுவாரு. அவரு வந்தா இவரு அதுக்கு மேல ஏறியே உக்காந்துருவாரு.

கோர்ட்ல மானம் போன கேஸ் எழுமலை மாயாண்டிக்கும் அவரு பங்காளி ஒச்சப்பனுக்கும் நடுவுல. ஒரே கெணறு, தண்ணி எறைக்கிற மொறை யாருக்குங்கிறது தான் சண்டை. ஒச்சப்பன சந்தையில ஹமீது புடிச்சாரு. மாயாண்டி, பம்பாய் போன வக்கீலோட ஆளு. அவரு கட்டோட சேந்து பெரியவர்கிட்ட வந்துட்டாரு. கேஸ் அதுவரைக்கும் விசாரணைக்கே வரல, வாய்தா தான். வாய்தாவுக்கும் குமாஸ்தாக்க தான் போவாங்க. மாயாண்டிக்கு பெரியவர் வக்காலத்து போட்டதே அன்னைக்குக் காலையில தான், அதுவும் அச்சடிச்ச பாரம், எம் மிஷினுக்கு வரவே இல்ல.

கோர்ட்ல இருந்து திரும்பினதும் பெரியவர் ரெண்டு குமாஸ்தாவையும் நிக்க வச்சு, ஒரே மாடியில இருந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் பேர் கூடவா சொல்லிக்க மாட்டீகன்னு கேட்டாரு. தங்கராசு அண்ணே தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சாரு. சுப்பையா அண்ணே மட்டும் கொஞ்சமும் அசரல: "கட்சிக்காரன் பேர வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்ங்க ஐயா."

கரி பஸ்ஸு

ரெண்டு பக்கத்துக்கும் இனி எங்க ஆபீஸ் ஆஜராகக் கூடாது, அது தான் மொறை. பெரியவர் மாயாண்டியக் கூப்பிட்டுச் சொன்னாரு. மாயாண்டி, "நான் ஒங்ககிட்டச் சொன்னதெல்லாம் இப்ப அவன் காதுக்குப் போயிருக்குமா சாமி?"ன்னு கேட்டாரு. போகலன்னாரு பெரியவர். அது நெசந்தான். ஆனா அதச் சொல்லும்போது அவரு மொகத்த நான் பாத்தேன். இத்தன வருசத்துல ஒரு கட்சிக்காரன் அப்பிடி அவரக் கேட்டதில்ல.

வழியில ஒருத்தர் கட்ட ஒருத்தர் புடுங்கிறக் கூடாதுன்னு, கட்டுகள ஊருக்கே கொண்டு போயி ஒப்படைச்சிட்டு வான்னு என்னைய அனுப்பிட்டாங்க. உலக யுத்தக் காலம், பெட்ரோல் கெடையாது, கரியப் போட்டு ஓட்டுற பஸ்ஸு. எழுமலைக்கு அந்த நேரத்துல வேற பஸ் இல்ல, அதனால மாயாண்டி முன்னால, ஒச்சப்பன் பின்னால, ரெண்டு பேர் கட்டும் எம் மடியில. ரெண்டு பேரும் பக்கத்துல இருக்குறவங்ககிட்ட ஒரே பெருமையத்தான் அடிக்கிறாங்க: என் வக்கீல விட்டா வேற நல்ல ஆபீஸ் கெடைக்காதுன்னு அவனும் அங்கயே வந்துட்டான் பாருங்க.

உசிலம்பட்டி தாண்டி மேட்டுல பஸ் நின்னு போச்சு. எல்லாரும் எறங்கித் தள்ளுங்கன்னாரு டிரைவர். மாயாண்டியும் ஒச்சப்பனும் தோளோட தோளு ஒட்டித் தள்ளுறாங்க. எனக்கு நெஞ்சு பொங்கிருச்சு. அண்ணே, இப்பிடியே சமாதானமாப் போயிரலாம்லன்னு கேட்டுட்டேன். ஒச்சப்பன் மூச்சு வாங்கிக்கிட்டே என்னையப் பாத்தாரு: "பஸ்ஸு தம்பி இது. கெணறு வேற."

பிரியிற பத்திரம்

திரும்பி வந்தா ஆபீஸே பேச்சில்லாமக் கெடக்கு. ஜட்ஜு சொன்னது மதுரை பூராவும் பரவி, கோர்ட் வராண்டாவுல ஹமீதப் பாத்தா, "இன்னைக்கு எந்தப் பக்கம் பாய்?"னு கேக்குறாங்களாம். பிரிஞ்சிருவோம்னு முடிவு பண்ணிட்டாங்க. பத்திரத்த அடிக்க வேண்டியது நானு. அந்தக் கூட்டு முறிஞ்சா நான் எந்த ரூமுக்கு, மிஷினு எந்த ரூமுக்கு, ஒண்ணும் தெரியாது. ரெண்டு எசமானுக்கு நடுவுல ஒத்த மிஷினோட குப்ப கொட்டுற ஆளுகளுக்கு அது என்ன பாடுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பெரியவர் அவரு ரூம்ல இருந்து சொல்லுவாரு, நான் அடிப்பேன். சின்னவர் அவரு ரூம்ல இருந்து, "அண்ணே, அந்த வார்த்தையப் போட்டா பின்னாடி வில்லங்கம் வரும்"பாரு. "அப்ப நீ சொல்லு"ம்பாரு இவரு. ரெண்டு ரூமுக்கும் நடுவுல வார்த்தைக பறக்குது, மூணு நாளா நேர்ல பேசாதவங்க எந்தலைக்கு மேல பேசிக்கிறாங்க. மேஜை, பீரோ, புஸ்தகம், மிஷினுன்னு எல்லாத்துக்கும் வழி எழுதியாச்சு. என்னையப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல. கடைசித் தாள உருவிக் குடுத்தேன். பெரியவர் படிச்சிட்டு, எந்திரிச்சு வந்து எதுத்த ரூம் வாசல் நெலையில நின்னாரு: "நம்ம சேந்து எழுதுனதுலயே ஓட்டையில்லாத பத்திரம் இது தான் ஹமீது."

பேரையூர் ராமக்கா

மறுநா காலையில கையெழுத்து. பத்திரம் எம் மேஜையில இருக்கு. படியில ஏதோ சத்தம், பாத்தா கீழ வெங்கலக் கடை வரைக்கும் ஆளுக. முன்னால நின்னவங்க பேரையூர் ராமக்கா, பருத்தி யாவாரம் பண்றவங்க. யாரு மேல கேஸுன்னு கேட்டேன்.

"கேஸா? அதெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்குக்கா வந்தீக?"

"எங் கொழுந்தன் என்னைக்காச்சும் எம்மேல போடுவான். போடுறவன் இங்க தான் வருவான். எழுமலையில எதிரியும் எதிரியும் இந்த ஆபீஸ்தேன் வேணும்னு அடிச்சுக்கிட்டாங்களாம்ல? அதான் அவனுக்கு முந்தி நான் வந்துட்டேன்."

பின்னால நின்னவங்களும் அம்புட்டுப் பேரும் அதே கதை தான். ரெண்டு வக்கீலும் வெளிய வந்துட்டாங்க. பெரியவர், "தாயி, நாங்க இன்னைக்குப் பிரியப் போறோம். ஒங்களுக்கு யாரு வேணும்?"னாரு. ராமக்கா ரெண்டு பேரையும் ஏற எறங்கப் பாத்தாங்க. நான் மிஷின் மேல கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அவங்க சொன்ன பதிலக் கேட்டு ஹமீது தான் மொதல்ல சிரிச்சாரு. பெரியவர் சிரிக்கல, ஆனா பத்திரத்த எடுத்து என் டிராயருக்குள்ள தள்ளிட்டு, சுப்பையா அண்ணனையும் தங்கராசு அண்ணனையும் கூப்பிட்டாரு: இனி எவன் வந்தாலும் ரெண்டு ரூமுக்கும் கேக்குற மாதிரி பேர சத்தமாச் சொல்லணும், கண்ணு பட்டாப் படட்டும்னு. மொதப் பேரா சுப்பையா அண்ணே ராமக்கா பேரச் சொன்னாரு, அரை மனசோட. அந்தம்மா அதுக்கு முன்னாலயே தீர்ப்பு சொல்லி முடிச்சிருந்தாங்க: "பிரிஞ்சீகன்னா நான் ரெண்டு பேரையும் புடிக்கணும்ல? சேந்தே இருங்கய்யா, எனக்கு ஒரே நடையாப் போகும்."

(பெரியவர் மறுபடி மணி அடிக்கிறாரு, சின்னவரும் கூப்பிடுறாரு, வாரேன்.)

இப்ப தாளுக்குப் பஞ்சம்ங்கிறதால அந்தப் பத்திரத்தோட பின்பக்கத்துல தான் இத அடிக்கிறேன். ஒரே காலையில ரெண்டு பக்கத்தையும் இழந்து பெரிசான வக்கீல் ஆபீஸ் எனக்குத் தெரிஞ்சு எங்களோடது ஒண்ணு தான்.