டேட்டாவை அணைத்து வைத்த வீடு

முப்பத்தெட்டு வயதுக்குள் அவர் பதினோரு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்துவிட்டார். பதினோரு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பெயர் என்ன? திக்குவாய் உள்ளவருக்கு அதைவிடக் கொடுமையான கேள்வி கிடையாது. வேறு எந்தச் சொல் தொண்டையில் மாட்டினாலும் சுற்றி வளைத்து இன்னொரு சொல்லைப் போட்டுச் சமாளிக்கலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். எதிரே இருப்பவர் முதலில் புன்னகைப்பார், பிறகு பரிதாபப்படுவார், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார். "சொல்லி அனுப்புறோம்மா."

கடைசியில் வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை ஒன்று கிடைத்தது. பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், படுக்கை விரிப்புகளை மடிப்பது. மெஷின்களின் இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். இஸ்திரி போடும் அண்ணன்தான் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். "கரகரன்னு இழுத்தாலும் ஸ்டேஷன் கிடைச்சிடும். கேக்கறவனுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேணும்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாக்கியம் முடியும்வரை நின்று கேட்கும் ஆள் அந்த இரைச்சலில் அண்ணன் ஒருவர்தான்.

வாடகை வேன் ஓட்டும் கணவர் ஒரு பழைய போனை வாங்கிக் கொடுத்த பிறகுதான் குடும்பத்துக்கே இவர் யார் என்று தெரிந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் கொழுந்தன் புது மீசையோடு படம் போட்டிருந்தார். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். இவர் எழுதினார்: "தம்பி, மீசை பிரமாதம். முகத்தையும் மாத்திட்டா ஜோடிப் பொருத்தம் சரியா வந்துடும்." குழு வெடித்துச் சிரித்தது. நாத்தனார் உடனே போன் செய்தார்.

"அண்ணி, பதினஞ்சு வருஷமா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

பதில் சொல்ல இவருக்கு நேரம் பிடித்தது. அதற்குள் நாத்தனாரே பேசி முடித்துப் போனை வைத்துவிட்டார்.

அந்த நாத்தனார்தான் விளம்பரத்தை அனுப்பியது. இணையக் கடைகளில் பொருள் வாங்கியவர்களின் புகாருக்குச் சாட்டில் பதில் எழுதும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். எல்லாம் எழுத்துதான். சரியான நேரத்தில் வந்தது. சலவைப் பிரிவுக்கு மடிக்கும் மெஷின் அடுத்த மாதம் வந்து இறங்குவதாகப் பேச்சு. வந்துவிட்டால் மடிக்கிற கைகள் வேண்டாம். இவர் விண்ணப்பித்தார். புதன்கிழமை மூன்று மணிக்குத் தேர்வு என்றார்கள். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எழுதலாம்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பார்த்து முடித்தவுடன் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். "குழாயைத் திறந்து போட்டுட்டுப் போவியா? அப்ப இத மட்டும் ஏன் திறந்து போடறே?" என்பார் கணவர். இரண்டு போனுக்கும் சேர்த்து நாளுக்கு ஒரே டேட்டா பேக், தீர்ந்தால் மறுநாள்தான். பழகிப் பழகி, போனைக் கீழே வைக்குமுன் இவருடைய விரல் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மனசு கேட்காமல் பின்வாசலுக்கு ஏறி வந்தார். அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. குப்பைத் தள்ளுவண்டிகள் நிற்கும் அந்த வாசலில்தான் கிடைக்கும். டேட்டாவைத் திறந்ததும் முந்தைய நாள் மாலை அனுப்பிய செய்தி வந்து விழுந்தது. தேர்வு பன்னிரண்டு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. தவறினால் வாய்ப்பு இல்லை.

மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம்.

வீட்டுக்கு ஓட நேரமில்லை. கீழே போய் இஸ்திரி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு சொல்கூட வரவில்லை. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அண்ணன் படித்தார். "அட கடவுளே. சரி, மேல போ. துணி உன்னைத் தேடி வரும்."

விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டியை லிஃப்டில் ஏற்றிப் பின்வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். ரேடியோ சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். அண்ணன் முன்னால் நின்று மடிக்கத் தொடங்கினார். இருபது வருடமாக இஸ்திரி போடுகிறவர். மடிப்பு மட்டும் அவருக்கு வராது. மடித்ததெல்லாம் கொழுக்கு மொழுக்கென்று தலையணை மாதிரி இருந்தது.

சாட்டில் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு இரண்டும் இடது காலுக்கே வந்திருக்கிறதாம். தேர்வுக்காகப் போட்ட நாடகம் என்று தெரிந்தும் இவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். முதலில் வருத்தம் தெரிவித்தார். கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார். அதற்கு முன்பே சரியான ஜோடி வந்து சேரும் வழியைச் சொன்னார். எழுத்தில் எங்கும் திக்கவில்லை.

இரண்டாவது ஆள் திட்டத் தொடங்கியபோது திரை உறைந்தது. பேக் தீர்ந்துவிட்டது. காலையில் கணவர் மேட்ச் பார்த்திருக்கிறார். பதில் வராமல் ஐந்து நிமிடம் போனால் தேர்வு மூடிக்கொள்ளும்.

அவர் தலை நிமிர்ந்த வேகத்திலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துத் தன் போனை எடுத்தார். "ஹாட்ஸ்பாட்டா? எங்க இருக்கு அது? என் பொண்ணுதான் போடுவா... இதுவா? இது டார்ச்சு."

டார்ச் எரிந்தது, அணைந்தது. பிறகு எப்படியோ இணைப்பு வந்தது. அதே நேரம் சூப்பர்வைசரும் வந்துவிட்டார்.

"இங்க என்ன கூத்து நடக்குது? துணி ஏன் மேல வந்திருக்கு? ஏம்மா, உன்னத்தான் கேக்கறேன்."

ரேடியோவின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

"கீழ ஒரே ஆவி சார், அவங்களுக்கு மூச்சு முட்டுது" என்றார் அண்ணன்.

"போன்ல என்ன தட்டறாங்க?"

"டாக்டருக்கு எழுதறாங்க. வாயால சொன்னா சாயங்காலம் ஆயிடும்னு உங்களுக்கே தெரியும்."

சூப்பர்வைசர் தலையணை மடிப்புகளை ஒரு பார்வை பார்த்தார். "இத எந்த ரூமுக்கும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வு முடிந்ததும் ஒரு செய்தி வந்தது. தேறிவிட்டீர்கள். அடுத்த கட்டம், தொலைபேசியில் சிறு உரையாடல்.

தொலைபேசியில். முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிறகு எழுதினார்: "எனக்குத் திக்குவாய். வேலை எழுத்தில்தானே. உரையாடலையும் எழுத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா?"

அன்று மாலை கணவரிடம் காசு வாங்கிப் போனில் புது பேக் போட்டார். டேட்டாவை அணைக்கவில்லை. கணவர் பார்த்துவிட்டு, சார்ஜரைக் கொண்டுவந்து அந்தப் போனில் மாட்டினார். மறுநாள் மதியம்வரை பதில் இல்லை. மாலையில் வந்தது: எழுதலாம்.

உரையாடல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று அவருக்குக் காலை ஷிப்ட். மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.