அசையாத நாய்க்கு முதல் பரிசு

நாய்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு புத்தகம். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அதை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். தியானம் பண்ண வந்தவருக்கு நாய்ப் புத்தகம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் நாய் வளர்த்ததில்லை. வளர்ப்பவர்கள் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவன். ஆனால் அந்தப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். படித்ததை டீக்கடையில் சொன்னேன். நிபுணன் ஆவதற்கு வேறு என்ன வேண்டும்?

அந்த வருஷம் கார்த்திகை தீப மாட்டுச்சந்தையை ஒட்டி நாய்க் கண்காட்சியும் வைப்பதென்று முடிவாயிற்று. ஏற்பாடு செய்த கால்நடை டாக்டர் என் நண்பர்.

"நான் மார்க் போட்டா தோத்தவன் அப்புறம் மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு வரமாட்டான். நீ போடு. உன்னால யாருக்கும் ஒரு காரியமும் ஆகப்போறதில்ல" என்றார்.

ஒப்புக்கொண்டேன். புத்தகத்தில் இருந்ததெல்லாம் சீமை நாய்கள். நம் ஊர் ஜாதிகளுக்கு அளவுகோல் எதுவும் இல்லை. அதனால் நானே உட்கார்ந்து ஒன்றைத் தட்டச்சு செய்தேன். நிறத்துக்கு இருபது, உடல்கட்டுக்கு நாற்பது, நடைக்கு இருபது, நிதானத்துக்கு இருபது. நூறு சரியாக வந்துவிட்டதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஒரு டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் ராணுவத்தில். வேங்கிக்காலில் புதுவீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். அப்போது வேங்கிக்கால் வெறும் கொல்லைக்காடு; அவர் வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதைத் தாண்டிக் கரும்பு.

"நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ கெணத்தடியில ஈரக் காலடி கெடக்குது சார். நான் வர்றதுக்குச் சித்த முன்னாடி யாரோ இருந்துட்டுப் போன மாதிரி. ஒருநாள் இல்ல, பல நாளு."

காவலுக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தார். ரைஸ்மில்காரர் ஒருவர் தன் வெள்ளை ராஜபாளையத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தன் செவலைச் சிப்பிப்பாறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டும் நாளைக்குப் போட்டிக்கு வருகின்றன.

"எதை வாங்கறதுன்னு எனக்குத் தெரியல சார். நீங்க எதுக்கு மொதல் பரிசு குடுக்கறீங்களோ, அதையே கூட்டிட்டுப் போயிடறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல முடிவு" என்றேன்.

மறுநாள் மைதானத்தில் ஒன்பது நாய்கள். ராஜபாளையம் பால் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். அதைப் பிடித்திருந்த மில் ஆள் வாயே திறக்கவில்லை. காலால் தரையில் இரண்டு தட்டு தட்டுவான். நாய் திரும்பி அவனைப் பார்க்கும். என்ன பழக்கம், என்ன ஒழுக்கம் என்று வியந்து நடைக்கு முழு மதிப்பெண் போட்டேன். செவலை நாய்க்கு வாலில் பாதி இல்லை. அது ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கவில்லை.

அப்போது கோயில் பக்கம் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போட்டார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏழு நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. செவலை, சத்தம் வந்த திசைக்குத் திரும்பி, முதுகு மயிர் சிலிர்க்கக் குரைத்துத் தள்ளியது. ராஜபாளையம் மட்டும் நந்தி மாதிரி நின்றது. காது மடல்கூட அசையவில்லை. எனக்கு மெய் சிலிர்த்தது. நிதானத்துக்கு இருபதுக்கு இருபது. செவலைக்கு இரண்டு.

முடிவைச் சொன்னதும் விவசாயி முன்னால் வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? வேட்டு போட்டா நாய் கொலைக்காம, நின்னு கும்புடு போடணுமா?"

கூட்டம் சிரித்தது. "பதட்டப்படற நாய் காவலுக்கு ஆகாதுங்க. நிதானம் முக்கியம்" என்றேன் மைக்கில்.

"நிதானமா இருக்கறதுக்கு நாய் எதுக்கு சார்? வாசல்ல ஒரு அம்மிக்கல்லைப் போட்டா போதாது?"

நாயின் சொந்தக்காரர் வாய்க்கு மதிப்பெண் குறைக்க என் அட்டவணையில் இடமில்லை. இருந்திருந்தால் குறைத்திருப்பேன்.

பரிசு ரிப்பன் கட்டக் குனிந்த டாக்டர், நாயின் தலைக்குப் பின்னால் பலமாகக் கை தட்டினார். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"செவிடுய்யா அது. சுத்த வெள்ளையில சிலது இப்படிப் பொறக்கும்."

"மில்காரருக்குத் தெரியுமா?"

"ஆளு காலால தட்டித் தட்டிக் கூப்புடறானே, தெரியாமலா?"

"இப்ப இன்னா பண்றது?"

"மைக் உன் கையிலதான இருக்குது."

இருந்தது. எதிரே முன்வரிசையில் அந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி வணக்கம் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன். டாக்டரும் அதற்கு மேல் பேசவில்லை. மில்காரர் வீட்டில் பன்னிரண்டு மாடு.

டீச்சர் கயிற்றை வாங்கிக்கொண்டு, "இன்னிக்குதான் சார் நிம்மதியா தூங்கப்போறேன்" என்றார்.

அவர் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் கெட்டது. பத்து நாள் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். கேட்டைத் திறந்தேன், எண்ணெய் காணாத புதுக் கீல் கத்தியது. நாய் வாசல் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அதைத் தாண்டிப் போனேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் போனேன். உள்ளே டீச்சர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே கை நீட்டினால் அவர் தோளைத் தொட்டிருக்கலாம்.

ஜன்னலுக்குக் கீழே, சுவரோரம், ஏழெட்டு பீடித் துண்டுகள் கிடந்தன. ஒரே இடத்தில். ஒன்று புதிது.

பின்கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்த்ததும் நாயைத் தேடினார். நான் பீடித் துண்டுகளைக் காட்டினேன்.

"கொத்தனாருங்க போட்டதுன்னு நெனச்சேன் சார்."

"கொத்தனாருங்க எப்ப வந்தாங்க?"

"ஆடி மாசம்" என்றவர், குனிந்து அந்தப் புதுத் துண்டைப் பார்த்தார்.

நாய்க்குக் காது கேட்காது என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பரிசு குடுத்த அன்னிக்கே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் டீக்கடையில் சொல்லிக்கொள்ளவாவது ஆகியிருக்கும். உள்ளே போனார். ஜன்னல் ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "பொழுது சாயறதுக்குள்ள அந்தச் செவலையைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

விவசாயி என்னை நிற்க வைத்தே பேசினார். "ரெண்டு மார்க் நாயி உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. மறுபேச்சில்லாமல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, அவரே கூட வந்தார்.

வேங்கிக்காலுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. செவலை கேட்டுக்குள் கால் வைத்ததும் நின்றது. பிறகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடி, கரும்பைப் பார்த்து உறுமியது. குரைக்கவில்லை; உறுமல்தான், விடாமல். கரும்பில் எதுவும் தெரியவில்லை. விவசாயி ஒரு கல்லை எடுத்து வீசினார். உள்ளே எங்கேயோ கரும்பின் காய்ந்த சோகை இலை சரசரத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொருமுறை. பிறகு இல்லை.

டீச்சர் ஆள் அனுப்பி வரச்சொன்ன அவர் தம்பி போளூரிலிருந்து வந்து சேரும்வரை நாங்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். 

தை மாதம் அந்தக் கரும்பை வெட்டினார்கள். ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில், பாய் விரிக்கிற அளவுக்கு இடம் மிதிபட்டுச் சமமாகக் கிடந்ததாம். முன்னால் இருந்த கரும்பில் மட்டும் சோகையைச் சுத்தமாக உரித்து வைத்திருந்தார்களாம். வெட்டிய ஆள் ஒருவன் வேடிக்கைக்காக அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். டீச்சர் வீட்டுப் பின்கதவும் ஜன்னலும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தன என்று சொன்னான்.