என் ஃபைலில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கவுன்டரிலாவது என்னைக் கடைசியாகக் கூப்பிட்டால் காரணம் தேடவே மாட்டேன். கையில் தயாராக வைத்திருப்பேன். தமிழ்க்காரி. அவ்வளவுதான். கேஸ் ஏஜென்சியில் எனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனாலும் அதுதான், தண்ணீர் கேன்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாலும் அதுதான். குடியாத்தத்தில் பிறந்து, கல்யாணமாகி ஜோகுபாளையத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தெருவில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அந்தச் சந்தேகம் போகவில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிக்கலாம். இங்கே ஒரு மாதம் வந்து இருந்து பாருங்கள், உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடவில்லை. பத்தாயிற்று, ஒன்றாயிற்று. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு நர்ஸ், "லாஸ்ட் கேஸ், சும்னெ மல்கொள்ளி" என்றாள். பேசாமல் படு என்று அர்த்தம். முந்தின நாள் ரத்தம் எடுத்துப் போன பிறகே என் கட்டிலை மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஃபைலில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்திருந்தது. ஊசி போட வந்தவள் கைக்கு இரண்டிரண்டு கையுறை மாட்டியிருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு ஒன்றுதான். "பாத்தீங்களா, தமிழ்னா இவளுங்களுக்கு எவ்ளோ இளக்காரம்" என்று கணவர் சேகரிடம் அழுதேன். அவர் எலக்ட்ரீஷியன், அளந்து பேசுகிறவர். "மொதல்ல உடம்ப பாரு செல்வி, சண்ட அப்புறம் போடலாம்" என்றார்.

நான் கிளார்க்காக இருக்கும் பள்ளியில் இந்த வருஷம் ரத்ததான முகாம் போட்டார்கள். கொடுத்தேன், பிஸ்கட் தின்றேன், மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன், நேரில் வரச் சொல்லி. அங்கிருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது என்றார். கல்லீரலில் குடியிருக்கும் கிருமி, பல வருஷம் சத்தமே காட்டாதாம். "மொதலு ஆபரேஷன் ஏனாதரூ ஆகித்தா?" என்று கேட்டார், முன்னால் ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று. ஆகியிருக்கிறது என்றேன். "ஹாகாதரெ டெஸ்ட் மாடிர்த்தாரல்லம்மா" என்றார். அப்போதே சோதித்திருப்பார்களே! அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கண் முன்னால் வந்தது. பயந்துபோனேன். எனக்காக இல்லை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான் பாப்பா பிறந்தாள். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றலாம் என்று அவரும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பரண்மேலிருந்து பழைய ஃபைலை இறக்கினோம். நான்காவது பக்கத்தில் இருந்தது: பாசிட்டிவ். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. யாருக்காகக் கோடு போட்டார்கள்? கத்தி பிடிக்கிறவருக்காக. தள்ளுவண்டி தள்ளினவருக்குத் தெரிந்திருக்கிறது, தரை துடைத்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. உடம்புக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது.

மறுநாளே அந்த சர்ஜனைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் கன்னடத்தில் திட்டப் பழகிக்கொண்டு போனேன். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அவர், "தமிழ்லயே கேளுங்கம்மா, எனக்கு சேலம்தான்" என்றார். அட கடவுளே! நாலு வருஷமாகச் சுமந்த காரணம் அந்த நிமிஷத்தில் போயிற்று.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"அது எங்க சேஃப்டிக்கு எடுக்கற டெஸ்ட்மா. பாசிட்டிவ்னா கடைசி கேஸா எடுப்போம், அவ்ளோதான். லிவர் டாக்டரப் பாருங்கன்னு டிஸ்சார்ஜ்ல எழுதியிருக்குமே."

எழுதவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். அதற்கப்புறம் பாப்பா பிறந்ததையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாசமா இருந்தப்ப பாத்தாங்களே, அந்த டாக்டர் கேட்டிருக்கணும்."

"அவங்க சுகர் பாத்தாங்க, எச்ஐவி பாத்தாங்க. இத பாக்கல. நீங்க பாத்திருப்பீங்கன்னு அவங்க விட்டாங்க, அவங்க பாப்பாங்கன்னு நீங்க விட்டீங்க. நடுவுல எம்புள்ள சார்!"

சத்தம் போடாதீர்கள் என்றார். போட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்வரை போட்டேன். இரண்டு கையுறை மாட்டத் தெரிந்த மனிதருக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பாப்பாவின் ரிசல்ட் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவளைத் தூக்கவே பயமாக இருந்தது. இல்லை என்று வந்தது. ரத்த வங்கி டாக்டரம்மா அவளுடைய தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, பிறந்த அன்றே போட்ட ஊசிதான் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றார். தலைப்பிரசவம் என்று குடியாத்தம் போயிருந்தேன். அங்கே அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், எல்லாப் பிள்ளைக்கும் போடுவதுபோல் என் பிள்ளைக்கும் போட்டிருக்கிறார். அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. சேகருக்கும் தொற்றவில்லை, அவருக்கும் ஊசி ஆரம்பித்தாயிற்று. எனக்கு இது பிறக்கும்போதே வந்திருக்கலாம் என்றும், அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

அன்றே ஊருக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தாள். விஷயத்தைப் பாதி சொல்லும்போதே அவள் குரல் தள்ளிப் போய்விட்டது.

"திருவிழாக்கு பாப்பாவ மட்டும் அவரோட அனுப்பு செல்வி. நீ அடுத்த வருஷம் வா. வீட்ல சின்னப் பசங்க இருக்குதுங்க, இல்ல?"

சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்றேன். "ஆமா ஆமா" என்றாள், நம்பாத குரலில். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிடத்தான் தோன்றியது. மீதியை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று. விரல் பட்டன்மேலேயே இருந்தது. வைத்திருந்தால் எனக்கும் அந்த சேலத்துக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

"அண்ணி, வச்சிடாதீங்க. எனக்கு அம்மாகிட்டருந்து வந்திருக்கலாமாம். அம்மாவும் அண்ணனும் ரத்தம் குடுத்துப் பாக்கணும். நீங்களும் பசங்களுந்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்க எங்க செல்வி போயி பாக்கறது? லேப்ல இருக்கறவன் உங்கண்ணன்கூட படிச்சவன். நாளைக்கே தெருவுல பேசுவாங்க."

"பெங்களூருக்கு வந்துடுங்க அண்ணி" என்றேன். "எல்லாரும் வாங்க. இங்க நம்மள யாருக்கும் தெரியாது."