ஸ்லீப்புக்கு ஒரு தமிழ்ப் பெயர்

அகலப்பாதை போட்டு முடித்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். காலையில் கடலூர் முதுநகரில் ஏறி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதே துறையில் பாடம் எடுத்த இன்னொருவரும் அதே பெட்டியில்தான் வருவார். குடிகாட்டுப் பக்கத்து ரசாயன ஆலைகளின் நெடி தாண்டும்வரை ஜன்னலைச் சாத்தியிருப்போம். திறந்ததும் உப்புக்காற்று வரும். அவர் லேப்டாப்பை எடுப்பார்.

ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பினார். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் புதிய பதிப்பில், எழுத்துகளைத் திரையில் காட்டும் ‘பிரிண்ட்’ கட்டளைக்கு ‘எழுது’ என்று இன்னொரு பெயர் வைத்திருந்தார். எழுது என்றதும் அது எழுதியது.

“தமிழ் எழுத்துலயே வைக்கலாமா சார்?”

“இந்தப் பதிப்புல விடுறான் மேடம். நீங்களும் ஒண்ணு வைங்க.”

அன்றிலிருந்து பயணம் முழுக்க அதே வேலை. மொழியோடு சேர்ந்து வரும் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். ‘லென்’ நீளம் ஆனது. ‘மேக்ஸ்’ பெரிது. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது, கீழே நீர் மின்ன, சொற்கள் தாமாகவே நாக்கில் வந்து உட்காரும்.

‘ஸ்லீப்’பில் மட்டும் சண்டை. புரோகிராமைச் சில நொடிகள் சும்மா நிறுத்தி வைக்கும் கட்டளை அது. அவர் ‘உறங்கு’ என்றார்.

“நம்ம ஊர்ல யாரு சார் உறங்குன்னு சொல்றாங்க? தூங்குன்னு வைங்க.”

“தூங்குன்னா தொங்குறதுன்னும் அர்த்தம் இருக்கு மேடம். புரோகிராம் ஹேங் ஆகித் தொங்கிடுச்சுன்னு நெனச்சிக்குவாங்க.”

ஒரு மதியம் லேபில் நான் சொன்ன சொல்லையே வைத்து மாணவர்களுக்குக் காட்டினேன். தூங்கு என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் அரை நிமிடம் கொடுத்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. முன்வரிசைப் பெண் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். வெளியே வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. அந்த அறை அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை. திரையில் ‘எழுந்துட்டேன்’ என்று வந்தபோது யாரோ, “அதுக்குள்ளயா?” என்றார்கள்.

அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மாலை ரயிலில், “இன்னும் கொஞ்சம் தூங்க விட்டிருக்கலாம் மேடம்” என்றார். அதற்குப் பிறகு உறங்கு என்ற பேச்சே இல்லை.

அந்த வருடக் கடைசியில் புயல் அடித்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரயிலும் இல்லை. ஊரே மரங்களுக்கடியில் கிடந்தது. ஒரு காலை அவர் எங்கள் வாசலில் நின்றார். வழியெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தூக்கி மரங்களைத் தாண்டி வந்ததில் சட்டை முழுக்கச் சேறு.

“போன் போகல. அதான் பாத்துட்டுப் போவலாம்னு.”

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். உட்காரச் சொல்லிவிட்டு நான் கேட்டேன், “லேப்டாப் என்னாச்சு சார்?”

“சார்ஜ் எறங்கி செத்துக் கெடக்கு. ஆனா ஒரு பேரு யோசிச்சிக்கிட்டே இருக்கேன்.”

“எதுக்கு?”

“உங்களுக்கு. மேடம்னு கூப்புட ஒரு மாதிரியா இருக்கு.”

வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த ஆவணியில் கல்யாணம். சிதம்பரத்திலேயே வீடு பார்த்தோம். பரீட்சையில் ஆங்கிலப் பெயர்களைத்தான் எழுத வேண்டும், அதனால் மாணவர்களிடம் நாங்கள் வைத்த பெயர்கள் தங்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. சில காலைகளில் அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “‘ஜிப்’புக்கு என்ன வைக்கலாம்?” என்பார். இரண்டு வரிசைகளை ஜோடி ஜோடியாகக் கோக்கும் கட்டளை அது. கோர்வை, பின்னல், இணை என்று சொல்லிப் பார்ப்போம். எதுவும் பொருந்தாது. டீ ஆறிப்போகும்வரை இருவரும் யோசித்துக்கொண்டிருப்போம்.